பொத்தான் பூட்டிவிடும் பிள்ளை

கேள்வி: வயது 44. பரந்தன் பக்கம். கிழமை நாளில் லாண்ட்மாஸ்டர் (கைபிடித்து ஓட்டும் இரு சில்லு உழவு மெசின்) உழவு, ஞாயிறு கோயில் பாடகர் குழுவில் கிற்றார். எட்டு மாதமாக இரண்டு கை விரல் மொழிகளும் (மூட்டுகளும்) நோகின்றன, வீங்குகின்றன. எல்லாக் கம்பியையும் அழுத்துகிற எஃப் கோட் பிடிக்க முடியவில்லை. பனடோல் போட்டுவிட்டு வாசிக்கிறேன். காலையில் விரல் மடங்காது, மகள்தான் சட்டைப் பொத்தான் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். மனைவி ஐந்தரைக்கே கார்மென்ட்ஸ் பஸ் ஏறிவிடுவதால் அவவுக்குத் தெரியாது. கிற்றாரை விடாமலிருக்க எந்தக் கம்பி நல்லது?

பதில்: தம்பி, கேட்டதற்காகக் கம்பியை முதலில் முடித்துவிடுகிறேன். 12 அளவுக் கம்பியைக் கழற்றி மெல்லிய 10 அளவு போடுங்கள். அரைச் சுருதி இறக்கிக் கட்டி, முதல் கட்டையில் கேப்போ என்கிற கவ்வியை மாட்டினால் பாட்டின் சுருதி மாறாது, விரலுக்கு அழுத்தம் குறையும். எஃப் கோட்டை மெல்லிய நாலு கம்பியில் மட்டும் பிடியுங்கள். பாடுகிற சத்தத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இனி அந்தப் பொத்தான். எஃப் கோட்டுக்கு ஒரு வரி, பொத்தானுக்கும் ஒரு வரி. இரண்டும் உங்களுக்கு ஒன்றா? விடிந்ததும் விரல் மடங்காமல், அந்த விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்று, இரண்டு கை மொழிகளும் வீங்கினால் அது கம்பி அழுத்தின நோ இல்லை. முடக்குவாதம் என்கிற மூட்டு நோயாக இருக்கலாம். நான் டொக்டர் இல்லை, இரத்தம் சோதித்து அவர்கள்தான் சொல்லவேண்டும். ஆனால் அதுதான் என்றால், வேளைக்கு மருந்து தொடங்கினால் மூட்டு அரிபடுவதைத் தடுக்கலாம்; அரிபட்ட மூட்டு திரும்பி வராது. பனடோல் நோவை அமத்தும், அரிப்பை நிறுத்தாது. எட்டு மாதம் போய்விட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் கேட்கமாட்டார்கள். லாண்ட்மாஸ்டர் கைபிடி நாள் முழுக்க அதிர்வதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டுக் கிற்றாரை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்.

மனைவிக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். மகளுக்குத் தெரியுமே! தாய் வீடு திரும்பும்போது அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள். நீங்கள் மறைக்கச் சொன்னீர்களோ, அவளாகவே விளங்கிக்கொண்டாளோ, பாரம் அவளுக்குத்தான். பிள்ளை தகப்பனுக்குப் பொத்தான் பூட்டுவது குறையில்லை. என் தகப்பனுக்கு நானும் பூட்டியிருக்கிறேன், அவருக்கு அப்போது எண்பது வயது. உங்களுக்கு 44. இருட்டோடு எழும்பி வேலைக்குப் போகிற மனுசிக்குப் புருசனின் கை எப்படி இருக்கிறது என்று தெரியவேண்டாமா? கவலைப்படுவா என்று சொல்லாதீர்கள். படட்டும். குடும்பம் என்றால் அதுவும் சேர்த்துத்தான்.

இன்றிரவு அவ சாப்பிட்டு முடித்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டுங்கள், மகளும் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு நாள் உழவை விட்டுவிட்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அன்றைக்குப் பொத்தான் சட்டை வேண்டாம், ரீசேட் போட்டுக்கொண்டு போங்கள். பிள்ளை நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போகட்டும்.