எல்லோரும் போனில் படிக்க ஆரம்பித்தபின் அச்சுப் பத்திரிகைக்கு எதிர்காலம் உண்டா?

கேள்வி கேட்டவர் வீட்டில் பேப்பரை நிறுத்திச் சில வருடமாவது ஆகியிருக்கும். தப்பாகச் சொல்லவில்லை, நிறுத்தியவர்கள்தான் என்னிடமும் இதைக் கேட்கிறார்கள். கும்பகோணத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பேப்பர் ஏஜென்ட்டாக இருக்கிறேன்.

2020 மார்ச் வரை எனக்கு 640 பேப்பர். ஊரடங்கு போட்டதும், பேப்பரில் கொரோனா ஒட்டிக்கொண்டு வரும் என்று வாட்ஸப்பில் புரளி. பாதி வீட்டில் "கொஞ்ச நாளைக்கு வேண்டாம்" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. இப்போது 210. வார இதழ் பாடு இன்னும் மோசம். 1941-ல் தொடங்கிய கல்கியே 2020-ல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது.

பேப்பர் விலை அச்சடிக்கிற செலவுக்கே கட்டாது, விளம்பரம்தான் ஈடுகட்டும். ஆட்கள் போனுக்குப் போனதும் விளம்பரமும் பின்னாலேயே போனது. எனக்கும் ஜவுளிக்கடை நோட்டீஸ் செருகுகிற காசில்தான் பெட்ரோல். அதுவும் இப்போது ஆடிக்கும் தீபாவளிக்கும்தான். வியாபாரி புலம்புகிறான் என்று திட்ட வேண்டாம், கிரிக்கெட் ஸ்கோரை நானும் போனில்தான் பார்க்கிறேன்.

இனி படிக்க வாங்குகிறவர்களைவிட எடுத்து வைக்க வாங்குகிறவர்கள்தான் மிஞ்சுவார்கள் என்று நினைக்கிறேன். போன வருடம் ஒரு நாள் காலை ஐந்தரைக்குப் போன். "குரூப்பில் பிடிஎஃப் வந்துடுதே, பேப்பர் எதுக்குண்ணே" என்று நிறுத்திய அதே பேங்க் சார். "அண்ணே, இன்னிக்குப் பேப்பர் பத்து கிடைக்குமா?" சிலம்பத்தில் மகள் பரிசு வாங்கிய படம் வந்திருக்கிறது. பிடிஎஃப்பில் இருக்குமே சார் என்றேன். "இருக்குண்ணே. பாட்டிக்குக் காட்டணும், ஃபிரேம் போடணும்."

பார்த்தால் ஐந்தாம் பக்கம் கீழே, தீப்பெட்டி அளவில் படம். பெண்ணின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை வேறு. என்னிடம் ஏழுதான் மிச்சம். டீக்கடையில் கெஞ்சி மூன்று வாங்கினேன். ஒன்றில் பஜ்ஜி எண்ணெய். அதையும் வாங்கிக்கொண்டார்.

மறுபடி போடச் சொல்வார் என்று பார்த்தேன். "ஞாயிறு மட்டும் போடுங்கண்ணே" என்றார். அவர் வீடு நாலாவது மாடி. அந்த அபார்ட்மெண்டில் பேப்பர் பையன் லிஃப்டில் ஏறக்கூடாதாம், பீட்சா கொண்டுவருகிறவர் ஏறலாமாம். செக்யூரிட்டியிடம் கேட்டால் அசோசியேஷன் ரூல் என்கிறார்.