'பிளாக் சாபத்' (Black Sabbath) என்ற ஆங்கிலேய ஹெவி மெட்டல் குழுவின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்துக்கு இன்றும் ஏன் இத்தனை மதிப்பு?

1971-இல் வெளிவந்த இந்த ஆல்பத்தின் செல்வாக்குக்கு முதற்காரணம் அதன் தாழ்ந்த சுருதிதான் என்பேன். குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி, பர்மிங்காமின் உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தபோது, 17 வயதில், வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்திகளை அழுத்த வேண்டிய கையே அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்துவந்த அவர், இந்த ஆல்பத்தின் மூன்று பாடல்களில் தந்திகளை மூன்று அரைச்சுரங்கள் தளர்த்தினார். விரல்களின் வலி குறைந்தது. குழுவின் பேஸ் கலைஞர் கீஸர் பட்லரும் தன் கிதாரை அதே அளவு இறக்கியதால், அதுவரை ராக் இசையில் கேட்டிராத கனம் பிறந்தது.

'இன்டு தி வாய்ட்' பாடலின் தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள்: அவசரமே இல்லாமல் ஊர்ந்து வரும் அந்த ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் கிதார் இசைத்துணுக்கில்), மெதுவும் கனமுமான பின்னாளைய டூம், ஸ்டோனர் மெட்டல் இசை வகைகளின் இலக்கணம் ஏறக்குறைய முழுமையாகவே இருக்கிறது. செயின்ட் வைட்டஸ், கையஸ், ஸ்லீப் ஆகிய குழுக்கள் அந்த வழியில் வந்தவையே. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து கிரஞ்ச் ராக் குழுவான சவுண்ட்கார்டன் 1990-களில் இதே பாடலைத் தன் பாணியில் பதிவு செய்ததால், கிரஞ்ச் இசையும் இந்த ஆல்பத்துக்குக் கடன்பட்டிருப்பது தெளிவாகிறது.