இரண்டு ஈரப்பதமானிகளும் ஒரு மகளின் கேள்வியும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பொறியியல் கலந்தாய்வு வேண்டாம், பி.எஸ்சி. இயற்பியல்தான் படிப்பேன் என்று மகள் பிடிவாதமாக நிற்கிறாள்; அதைப் படித்துவிட்டு பி.எட். முடித்து ஆசிரியர் வேலைக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலுக்கான தொடக்கம் நீங்கள் போகிற போக்கில் எழுதிய நான்கு வரிகளிலேயே இருக்கிறது.

குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த ஈரப்பதமானி 18.4 சதவீதம் காட்டியது. 17 சதவீதத்துக்கு மேல் என்று மூட்டைகளைத் திருப்பிவிட்டார்கள். அதே நெல்லுக்கு வியாபாரியின் மானி 16.8 காட்டியது. நீங்கள் கொதித்துப்போனீர்கள். கூட வந்த மகளோ, "அப்பா, இந்த இரண்டு மானியையும் எதை வைத்துச் சரிபார்ப்பார்கள்?" என்று கேட்டாள்.

ஐயா, இருபது ஆண்டுகளாக இந்த மாவட்டத்துப் பிள்ளைகளிடம் மேற்படிப்பு பற்றிப் பேசி வருகிறேன். இப்படி ஒரு கேள்வியைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை கேட்டு நான் அறிந்ததில்லை. அதற்குப் பதில் தேடுவதையே வேலையாகக் கொண்ட ஒரு துறை இருக்கிறது. அதன் பெயர் அளவியல்.

ஈரப்பதமானி நெல்லின் மின் தன்மையை அளந்து, அதிலிருந்து ஈரத்தைக் கணிக்கிறது. கணிப்பு சரிதானா என்று பார்க்க, அதே நெல்லை எடை போட்டு, வெப்ப அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை போட வேண்டும். குறைந்த எடைதான் ஈரம். ஆக, உங்கள் வழக்கு கடைசியில் ஒரு தராசின் முன்னால் போய் நிற்கிறது. அந்தத் தராசை எடைக்கல்லை வைத்துச் சரிபார்ப்பார்கள். அந்தக் கல்லை அரசின் எடையளவு ஆய்வாளர் வைத்திருக்கும் கல்லோடும், ஆய்வாளரின் கல்லை மாநில ஆய்வகக் கல்லோடும், அதைப் பெங்களூரு, அகமதாபாத் போன்ற ஊர்களில் உள்ள மத்திய அரசின் வட்டார ஆய்வகக் கல்லோடும் ஒப்பிடுவார்கள். இந்தச் சங்கிலி போய்ச் சேரும் இடம் புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம். உலகத்தின் மூலக் கிலோகிராமுக்கு எடுத்த நகல்களில் இந்தியாவுக்கு வழங்கப்பட்ட 57ஆம் எண் நகல் அங்கேதான் இருக்கிறது. பிளாட்டினமும் இரிடியமும் கலந்த சிறிய உருளை அது.

நம் மண்ணுக்கு இது புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்ற கல்லாலும், மணிகளைத் 'தட்சிணமேருவிடங்கன்' என்ற கல்லாலும் நிறுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. நெல் அளக்கவும் ஆடவல்லான் என்ற பெயரில் ஒரு மரக்கால் இருந்தது. எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதையும் எழுதி வைத்தார்களே, அதுதான் அளவியலின் உயிர். பிற்காலத்தில் ஊருக்கு ஒரு படி, சந்தைக்கு ஒரு சேர் என்றாகி, விற்கிறவர் எப்போதும் தோற்றார். 1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் வந்த பிறகு, 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் படிப்படியாக நம் கடைகளுக்கு வந்தது. உங்கள் அப்பாவைக் கேட்டால் படியும் உழக்கும் போன கதையைச் சொல்வார்.

தில்லி ஆய்வகத்துக்கு 1947 ஜனவரியில் நேரு அடிக்கல் நாட்டினார். 1950 ஜனவரியில் படேல் திறந்து வைத்தார். அதன் முதல் இயக்குநர் கே.எஸ். கிருஷ்ணன், நம் வத்திராயிருப்பில் பிறந்தவர், சி.வி. ராமனோடு சேர்ந்து ஆய்வு செய்தவர். இதை மகளிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். ஜெர்மனி 1887இல் பெர்லினில் இப்படி ஓர் அரசு ஆய்வகத்தை அமைத்தது. விளக்குகளின் ஒளியை அளக்க ஒரு தரம் வேண்டும் என்று, சூடான பொருள் வீசும் கதிர்களை அங்கே மிக நுட்பமாக அளந்தார்கள். அந்த அளவுகள் பழைய கோட்பாட்டுக்குள் அடங்கவில்லை. அவற்றுக்கு விளக்கம் தேடித்தான் 1900இல் ஜெர்மன் இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க், ஆற்றல் சிறு சிறு பொட்டலங்களாகவே வெளிப்படுகிறது என்ற குவாண்டம் கருத்துக்கு வந்தார். 2019 மே 20 முதல், பாரிசுக்கு அருகே 1889 முதல் உலகத்துக்கே கிலோகிராமாக இருந்த உருளை ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது கிலோகிராமை வரையறுப்பது, அந்தக் கருத்தோடு பிறந்த மாறாத எண்ணான பிளாங்கின் மாறிலி. விளக்கை ஒழுங்காக அளக்கப் போனவர்களின் உழைப்பு இன்று உங்கள் நெல் மூட்டையின் எடை வரை வந்திருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

சரி, வேலை. பி.எஸ்சி. இயற்பியலுக்கு மன்னார்குடி அரசுக் கல்லூரியே போதும், செலவும் குறைவு. அதன்பின் இரண்டு வழிகள். இப்போதுள்ள 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் ஆய்வாளராக, இயற்பியலை ஒரு பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரிகளுக்குத் தகுதி உண்டு. தமிழ்நாட்டில் இந்தப் பணி தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. தேர்வாணையத் தேர்வு எழுத வேண்டும். இதற்கான பயிற்சி நிறுவனம் ராஞ்சியில் உள்ளது. ஆராய்ச்சிதான் வேண்டுமென்றால் எம்.எஸ்சி. முடித்து, அறிவியல் ஆராய்ச்சிக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உதவித்தொகையோடு தேறி, தில்லி ஆய்வகத்திலேயே முனைவர் பட்டத்துக்குச் சேர முயலலாம். எம்.எஸ்சி.க்குத் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது.

இவை தவிர, கருவிகளைச் சரிபார்த்துச் சான்று தரும் தனியார் ஆய்வகங்கள் சென்னை, ஓசூர், கோவையில் இருக்கின்றன. மோட்டார் வாகன உதிரிபாகம், மருந்து என்று எந்தத் தொழிற்சாலையும் சான்று இல்லாத கருவியை வைத்துக்கொண்டு ஏற்றுமதி செய்ய முடியாது. தொடக்கச் சம்பளம் சுமார்தான், மறைக்க மாட்டேன். ஆராய்ச்சிப் பணியிடங்களும் குறைவு. முனைவர் பட்டம் முடிக்க அவளுக்கு இருபத்தெட்டு வயதாகிவிடும். அதுவரை திருமணப் பேச்சை எடுக்காமல் இருக்க உங்களால் முடியுமா என்பதை நீங்களும் வீட்டில் அம்மாவும் உட்கார்ந்து பேசுங்கள். மகளின் படிப்பைவிட அதுதான் பெரிய தடையாக வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

கணிதத்தில் அவள் எடுத்த மதிப்பெண்ணை நீங்கள் எழுதவில்லை. அது முக்கியம். வரும் சனிக்கிழமை மதிப்பெண் பட்டியலோடு அவளையும் அழைத்து வாருங்கள். வருவதற்கு முன், உங்கள் தெரு மளிகைக் கடை மின்னணுத் தராசில் உள்ள முத்திரையை அவள் பார்த்து வரட்டும். எந்த ஆண்டு, எந்தக் காலாண்டு என்று அதில் குறித்திருப்பார்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை புதுப்பிக்க வேண்டும். என்ன பார்த்தாள் என்பதை அவள் வாயாலேயே கேட்க விரும்புகிறேன்.