ஜாக்கியில் தூக்கிய காருக்கு அடியில் ஐந்து நிமிடம் மட்டும் போய் வேலை பார்ப்பது ஆபத்தா?

ஆம், ஆபத்துதான். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்களிடம் ஹைட்ராலிக் ஜாக்கி இருக்கிறது, தூக்கிய காரைத் தாங்க அடியில் வைக்கும் இரும்புத் தாங்கியான ஸ்டாண்டு இல்லை, அதற்கும் செலவு செய்ய வேண்டுமா என்று தயங்குகிறீர்கள் என்று தோன்றுகிறது. தயங்காமல் வாங்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தூக்கிய எடையைத் தாங்க வேண்டியது ஸ்டாண்டு.

ஹைட்ராலிக் ஜாக்கியில் எடை முழுவதும் ஆயிலின் அழுத்தத்தில் நிற்கிறது. அந்த ஆயிலைத் திரும்ப ஓடவிடாமல் தடுப்பவை சில சீல்களும் வால்வுகளும்தான். வால்வு அமரும் இடத்தில் சிறிது அழுக்கு சிக்கினாலும் போதும், ஆயில் உள்ளுக்குள்ளேயே தொட்டிக்குத் திரும்பிவிடும். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது. இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் தம்பி புதிதாக வாங்கிய ஜாக்கியால் காரின் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு, உடனே அடியில் படுக்கப் போனான். முதல்முறை பயன்படுத்தும் ஜாக்கியை எடையோடு சிறிது நேரம் நிறுத்திப் பார்ப்பது என் வழக்கம் என்பதால், பொறு என்று சொல்லி அவனைத் தடுத்தேன். "புது ஜாக்கிண்ணா, ஒண்ணும் ஆகாது" என்று சலித்துக்கொண்டே ஸ்பேனர்களை எடுக்க உள்ளே போனான். அவன் திரும்பி வருவதற்குள் கார் ஒரு சாண் இறங்கியிருந்தது. சத்தமில்லை, தரையில் ஆயில் கறையும் இல்லை. அன்று ஸ்டாண்டு வந்து சேரும்வரை நான் அவனை அடியில் போக விடவில்லை; அந்தப் பிடிவாதத்துக்காக இன்றும் பெருமைப்படுகிறேன்.

"மெக்கானிக்குகள் பலர் ஜாக்கியோடு மட்டும் அடியில் போகிறார்களே" என்று இங்கே யாராவது எழுதக்கூடும். போகிறார்கள்தான், நான் மறுக்கவில்லை. பலமுறை ஒன்றும் நடக்கவில்லை என்பது அடுத்த முறைக்கு உத்தரவாதம் ஆகாது. அதைவிட எனக்குக் கோபம் தருவது, ஸ்டாண்டு வைக்கும் பகுதியை வெட்டிவிட்டு வேலையை மட்டும் காட்டும் வீடியோக்கள். புதிதாகக் கற்பவர் அப்படி ஒரு படியே இல்லை என்று எண்ணிக்கொள்வார்.

தூக்குவதற்கு முன், கார் சமமான, கெட்டியான தரையில் நிற்க வேண்டும். வெயிலில் இளகிய தார்த்தளத்தில் ஸ்டாண்டின் கால்கள் புதையும். தடித்த பிளைவுட் பலகை இடலாம். சக்கரத்தைக் கழற்றுவதானால் நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் போதாதா என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும், ஆகவே பின்பக்கத்தை முழுவதும் தூக்கினால் அதனால் பயனில்லை. கியரில் நிறுத்துவதையும் முழுமையாக நம்ப முடியாது. முன்சக்கரங்களால் இயங்கும் காரில் அவற்றில் ஒன்று மட்டும் தரையை விட்டு எழும்பினால், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பின் வழியாக அது எதிர்த்திசையில் சுழன்று, தரையிலுள்ள மற்றதை உருள விட்டுவிடும்.

ஜாக்கி வைக்கும் இடங்களைக் காரின் கையேட்டில் பாருங்கள். ஆயில் சம்ப்பிலோ (எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) காரின் அடித்தகட்டிலோ வைத்தால் நசுங்கும். ஸ்டாண்டின் உயரத்தைப் பூட்டும் கொக்கி நடுத்தண்டின் பல்லில் முழுமையாக அமர்ந்திருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். 2020-இல் அமெரிக்காவில், எடை ஏறியபின் கொக்கி விலகிவிடக்கூடும் என்பதற்காகவே லட்சக்கணக்கான ஸ்டாண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. தண்டின் குறுக்கே இரும்புப் பின் (pin) செருகிப் பூட்டும் வகை கிடைத்தால் எனக்கு அதுவே திருப்தி. ஸ்டாண்டின்மேல் எழுதியிருக்கும் டன் அளவு ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்பதையும் படித்துப் பாருங்கள்.

காரை ஸ்டாண்டுகளின்மேல் மெதுவாக இறக்கியபின், பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் மீண்டும் தூக்கிச் சரிசெய்யுங்கள். ஜாக்கியை அகற்றாமல் லேசாகத் தொட்டபடி விட்டுவைக்கலாம், கழற்றிய சக்கரத்தையும் அடியில் போட்டுவைக்கலாம். இது அதிகப்படியான பயம் என்று தோன்றினாலும் நான் இரண்டையும் செய்கிறேன். செங்கல்லையும் சிமெண்ட் கல்லையும் மட்டும் ஸ்டாண்டுக்குப் பதிலாக வைக்கவே வேண்டாம். அவை வளைந்து எச்சரிக்காமல் ஒரேயடியாக நொறுங்கிவிடும். காருடன் வரும் திருகு ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும்.