மேசைக் கடற்போர் விளையாட்டுக்கு எளிய கப்பல்களை நாமே செய்ய முடியுமா?

கேள்வி: கடற்போர் விளையாட்டில் ஆர்வம் உண்டு. மாடல் செய்து பழக்கமில்லை. அட்டை, குச்சி வைத்தே ஒரு கப்பல் படையைத் தேற்ற முடியுமா? எங்கே தொடங்குவது?

தாராளமாக முடியும். கண்ணாடி அலமாரியில் வைக்கிற கப்பல் வேறு, மேசையில் விளையாடுகிற கப்பல் வேறு என்பதை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டுக் கப்பலைக் கை நீட்டும் தூரத்திலிருந்து, அதுவும் பெரும்பாலும் மேலிருந்துதான் பார்ப்பார்கள். ஆளாளுக்குப் பிடித்து நகர்த்துவார்கள். அந்தத் தூரத்தில் இது இன்ன கப்பல் என்று தெரிந்தால் போதும். நங்கூரச் சங்கிலி, கைப்பிடிக் கம்பி என்று இறங்கினால் முதல் கப்பலே கரை சேராது.

முதல் முயற்சிக்கு நான் சொல்வது இரண்டாம் உலகப் போரில் தென் அமெரிக்கக் கரைக்கு அப்பால் நடந்த ரிவர் பிளேட் சண்டை. 1939 டிசம்பர் 13 அன்று ஜெர்மனியின் அட்மிரல் கிராஃப் ஸ்பே என்ற போர்க்கப்பலை பிரிட்டிஷ் தரப்பின் எக்ஸிடர், அஜாக்ஸ், அக்கிலிஸ் என்ற மூன்று குரூசர்கள் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்கள்) எதிர்கொண்டன. நாலே கப்பலில் ஒரு முழு விளையாட்டு கிடைத்துவிடும். அதிலும் அஜாக்ஸும் அக்கிலிஸும் ஒரே வகுப்பு, அதாவது ஒரே வடிவமைப்பில் கட்டியவை என்பதால் ஒரே அச்சில் இரண்டையும் வெட்டிவிடலாம்.

ஸ்கேல் 1/1200 வைத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் 186 மீட்டர் நீளமுள்ள கிராஃப் ஸ்பே மேசையில் 155 மி.மீ. வரும், அகலம் 18 மி.மீ. எக்ஸிடர் சுமார் 146 மி.மீ., மற்ற இரண்டும் சுமார் 141 மி.மீ. தண்ணீருக்கு மேலே தெரிகிற பாகத்தை மட்டும் செய்தால் போதும்.

அடையாளங்களும் சுலபம். கிராஃப் ஸ்பேக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என மும்மூன்று குழல் கொண்ட இரண்டு பெரிய பீரங்கிக் கூண்டுகள், நடுவே உயரமான கோபுரம், ஒரு புகைபோக்கி. எக்ஸிடருக்கு இரண்டு புகைபோக்கி, இரட்டைக் குழல் கூண்டு மூன்று. அஜாக்ஸ் வகைக்கு அகலமான ஒரே புகைபோக்கி, இரட்டைக் குழல் கூண்டு நான்கு. இவை சரியாக அமைந்துவிட்டால் மீதியில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

உடல் பகுதிக்கு, மேலிருந்து பார்க்கும் வரைபடத்தை ஸ்கேல் அளவுக்கு அச்சிட்டு 2 மி.மீ. அட்டையில் ஒட்டி வெட்டுங்கள். இரண்டு அடுக்கு அடித்தளம். குரூசர்களின் மேல்தளம் முன்பக்கத்திலிருந்து பாதிக்கு மேல் நீண்டு, பின்னால் ஒரு படி இறங்கும். அந்த முன்பகுதிக்கு மட்டும் மூன்றாவது அடுக்கு. ஒட்டியதும் கனமான எதையாவது மேலே வைத்து இரவு முழுக்கக் காய விடுங்கள், இல்லாவிட்டால் அட்டை வளைந்துகொள்ளும். காய்ந்த பிறகு வெட்டிய ஓரங்களில் சூப்பர் க்ளூவை மெல்ல ஓட விடுங்கள். அட்டை அதை உறிஞ்சி இறுகிவிடும். உப்புத்தாள் போட்டால் மரம் மாதிரி வழவழப்பாக வரும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அந்த ஆவி கண்ணில் எரியும். அட்டைக்குப் பதில் தெர்மாகோல் எடுத்தால் இதே பசை அதைக் கரைத்துவிடும், ஸ்ப்ரே பெயின்டும் அப்படித்தான்.

பொறுமையைச் சோதிப்பது பீரங்கிதான். நாலு கப்பலுக்கும் சேர்த்துப் பதின்மூன்று கூண்டு, இருபத்தெட்டு குழல். கப்பல் கப்பலாகச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். குழலைக் கூண்டின் முகப்பில் ஒட்டினால் முதல் ஆட்டத்திலேயே உதிரும். அதனால் கூண்டை இரண்டு மெல்லிய அட்டைகளாக வெட்டி, கீழ் அட்டைமேல் மெல்லிய கம்பித் துண்டுகளைப் பின்விளிம்பு வரை படுக்க வைத்து, மேல் அட்டையால் மூடி ஒட்டுங்கள். காய்ந்ததும் கம்பியைத் தேவையான நீளத்துக்கு நறுக்கினால் குழல்கள் வரிசையாக நிற்கும், இழுத்தாலும் வராது.

கொடிமரத்துக்குப் பலரும் குண்டூசி வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது, கையில் குத்தும். தேய்க்கும் பிரஷ்ஷின் நைலான் முடி வளைந்தாலும் நிமிர்ந்துவிடும். அஜாக்ஸின் புகைபோக்கிக்கு இரண்டு தீக்குச்சியைச் சேர்த்துக் காகிதம் சுற்றினாலே அந்த அகலம் வந்துவிடும். மற்றவற்றுக்கு ஒற்றைக் குச்சி. கட்டடப் பகுதிகள் எல்லாம் அட்டைத் துண்டுகளை அடுக்கியவைதான், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பெயின்டில் ஒரு விஷயம். புகைப்படத்தில் பார்க்கிற சாம்பல் நிறத்தைவிட ஒரு படி வெளிறிய சாம்பலை அடியுங்கள். சின்னப் பொருளில் அடர் நிறம் அடித்தால் எல்லாம் ஒரே கருப்புக் கட்டியாகத் தெரியும். அப்புறம் கருப்பு பெயின்டை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து மூலைகளில் இறங்க விட்டு, காய்ந்ததும் ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷில் வெள்ளை கலந்த சாம்பலை மேடான இடங்களில் உரசுங்கள். மரத்தளம் உள்ள இடத்துக்கு வெளிர் பழுப்பு.

கடைசியாக, ஒவ்வொரு கப்பலையும் ஓரம் விட்டு ஒரு நீலத் தட்டில் ஒட்டிவிடுங்கள். நகர்த்தும்போது விரல் தட்டைப் பிடிக்கும், கப்பல் பிழைக்கும். பின் ஓரத்தில் பெயரை எழுதுங்கள். அஜாக்ஸையும் அக்கிலிஸையும் வேறு எப்படியும் பிரிக்க முடியாது. தட்டு பெரிதாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். அந்தச் சண்டையில் 17, 18 கிலோமீட்டர் தூரத்தில் சுடத் தொடங்கினார்கள். 1/1200 கணக்கில் அது பதினான்கு, பதினைந்து மீட்டர். எந்த மேசையும் அதற்குப் போதாது. அதனால் விளையாட்டு விதிகளில் தூரத்துக்குத் தனி ஸ்கேல் இருக்கும். தூரத்தைக் கப்பலின் எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது என்பதை மட்டும் ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் புகைபோக்கியிலிருந்து அளப்பேன். எக்ஸிடருக்கு? இரண்டு புகைபோக்கிக்கும் நடுவே.