ஆண்ட்ரூஸ் சகோதரிகளுக்கு எது மரபு?

கேள்வி: அமெரிக்காவின் பாடகிகள் மூவரான ஆண்ட்ரூஸ் சகோதரிகளைக் 'குடியேறியவர்களின் இசை மரபில் வந்தவர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். அப்பா கிரேக்கர், அம்மா நார்வே வழி வந்தவர். ஆனால் அவர்கள் புகழ்பெற்ற பாட்டுகளில் கிரேக்கமும் இல்லை, நார்வேயும் இல்லை. அப்புறம் எந்த மரபு?

பதில்: பெற்றோர் விட்டுவந்த நாட்டுப் பாட்டைப் பாடினால்தான் மரபு என்கிறீர்கள். நான் ஒப்பமாட்டேன். லவெர்ன், மாக்சின், பேட்டி மூவரும் மின்னியாபொலிஸில் வளர்ந்தவர்கள். நியூ ஆர்லியன்ஸின் பாஸ்வெல் சகோதரிகளை ரேடியோவில் கேட்டுக் கேட்டு, மூன்று குரலைப் பின்னிப் பாடும் விதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பேட்டி பாட்டை எடுத்துச் செல்வார். மாக்சின் மேலேயும் லவெர்ன் கீழேயும் கூடவே போவார்கள். ஒரே வீட்டில் பேசிப் பழகியவர்கள் என்பதால் சொல் முடியும் இடமும் மூச்சு விடும் இடமும் மூவருக்கும் ஒன்றாக விழும். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அது அலுத்ததில்லை.

சரி, என்ன பாடினார்கள்? 1937 கடைசியில் பதிவாகி அவர்களைத் தூக்கிவிட்ட 'பை மிர் பிஸ்ட் து ஷோன்', 1932இல் நியூயார்க்கின் யித்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) நாடக மேடைக்குப் பிறந்த பாட்டு. மெட்டமைத்த ஷோலோம் செகுண்டா ரஷ்யப் பேரரசிலிருந்து சிறுவனாக வந்த யூதர். ஆங்கில வரிகள் எழுதியவர்களில் ஒருவரான சாமி கான் யூதக் குடியேறிகளின் மகன். 1939இல் பாடியது செக் இசைஞர் யாரோமிர் வெய்வோடாவின் போல்கா என்னும் நடன மெட்டு. 1945இல் பல வாரம் முதலிடத்தில் நின்ற 'ரம் அண்ட் கோகோ கோலா' கரீபியத் தீவான டிரினிடாடின் கலிப்ஸோ என்னும் பாட்டு வகை. கிரேக்கர் மகள்கள் யித்திஷ் மெட்டைப் பாட, ஊரே முணுமுணுத்தது. குடியேறியவர்களின் இசை அமெரிக்காவில் வளர்ந்ததே இப்படித்தான். அதில் தாய்வழி, தந்தைவழி பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது.

குறை சொல்ல வேறு இடம் இருக்கிறது. அந்தக் கலிப்ஸோவில் டிரினிடாட் பாடகர் லார்ட் இன்வேடர் பாடியது, அமெரிக்கப் படைவீரர்களின் டாலர் வந்தபின் தன் தீவுப் பெண்களுக்கு நேர்ந்ததை. அமெரிக்கப் பதிவில் அவர் பெயரே இல்லை. மெட்டுக்கு உரிய லயனல் பெலாஸ்கோவின் பெயரும் இல்லை. இருவர் தரப்பும் நீதிமன்றம் போய்த்தான் வென்றன. செகுண்டாவோ, தன் பாட்டு புகழடையும் முன்பே அதன் யித்திஷ் வரிகளை எழுதியவரோடு சேர்ந்து மொத்த உரிமையையும் 30 டாலருக்கு விற்றிருந்தார். அது இருவர் கைக்கும் திரும்பியது 1961இல்.