மாடியில் சோலார் உள்ள வீடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

திருவொற்றியூரில் ஒரு தனி வீடு பார்த்திருக்கிறோம். மாடியில் 3 கிலோவாட் சோலார், போட்டு ஐந்து வருடம் ஆகிறதாம். அதற்கு மட்டும் தனியாக 3 லட்சம் கேட்கிறார் வீட்டுக்காரர். கொடுக்கலாமா?

எதற்குக் கொடுக்க வேண்டும்? நீங்களே இன்று புதிதாக 3 கிலோவாட் போட்டால் சுமார் 2 லட்சம் ஆகும். பி.எம். சூர்ய கர் திட்டத்தின் 78,000 மானியம் போக, கையை விட்டுப் போவது ஒன்றேகால் லட்சம் பக்கம்தான். ஐந்து வருடம் வெயிலில் காய்ந்ததற்கு 3 லட்சமா?

பேனலின் வயதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். உற்பத்தி வருடத்துக்கு அரை, முக்கால் சதவீதம்தான் குறையும். செலவு வைக்கப் போவது இன்வெர்ட்டர். அதன் வாரண்டி பெரும்பாலும் 5 முதல் 10 வருடம், உங்கள் வீட்டுக்காரருடையது முடிந்திருக்கவும் கூடும். இன்வெர்ட்டர் திரையில் மொத்த உற்பத்தி என்று ஓர் எண் வரும், அதைப் பாருங்கள். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்று வைத்தால் ஐந்து வருடத்தில் 20,000 யூனிட்டாவது ஓடியிருக்க வேண்டும். 11,000 என்று காட்டினால், ஒன்று இன்வெர்ட்டரை நடுவில் மாற்றியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் எங்கோ நிழல் விழுகிறது. எதுவென்று கேளுங்கள். ஒரு வருட பில், வாங்கிய ரசீது, வாரண்டி அட்டை எல்லாம் கையில் வந்தால் நானாக இருந்தால் 70,000 கொடுப்பேன். அவை இல்லாவிட்டால் வீட்டு விலையோடு சேர்த்து இனாமாகத் தரட்டும்.

கரண்ட் கட் ஆனால் சோலாரில் ஃபேன் ஓடுமா? வீட்டை விற்பவர் ஓடும் என்கிறார். (பெரம்பூர்)

பேட்டரி இல்லாவிட்டால் ஓடாது. லைனில் வேலை பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று, இ.பி. கரண்ட் நின்றதும் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். இதுகூடத் தெரியாமல் விற்கிறாரா, தெரிந்தே சொல்கிறாரா என்று யோசியுங்கள்.

நான் வாங்கப்போகும் வீட்டில் சோலார் இருக்கிறது. நல்லதா சார்?

ஊர் இல்லை, எத்தனை கிலோவாட் என்று இல்லை, எப்போது போட்டது என்றும் இல்லை. கூட வைத்த படத்தில் இருப்பது வெந்நீர் போடும் சோலார் ஹீட்டர். அதிலிருந்து கரண்ட் வராது. குளிக்கலாம்.

கொளத்தூரில் ஒரு வீட்டை விளம்பரத்தில் பார்த்தோம். 'சோலார் வீடு, கரண்ட் பில் ஜீரோ' என்று போட்டு, பில் படமும் வைத்திருக்கிறார்கள். நிஜமாகவே ஜீரோதான். புரோக்கர் அட்வான்ஸ் கேட்டு அவசரப்படுத்துகிறார்.

இந்த 'பில் ஜீரோ' விளம்பரத்தைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் இலவசம். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் பில் ஜீரோதான். மாடியில் சோலார் இருந்தாலும் ஜீரோ, வடாம் காய்ந்தாலும் ஜீரோ.

என் மைத்துனருக்காக வியாசர்பாடிப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனேன். வரிசையாக ஆறு பில், ஆறும் ஜீரோ. புரோக்கர் அதை விசிறி மாதிரி விரித்துக் காட்டினார். மாடிக்கு ஏறினால், பேனலில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. இன்வெர்ட்டரில் விளக்கே எரியவில்லை. கீழ்வீட்டு அம்மாதான் உண்மையைச் சொன்னார்: வீட்டுக்காரர் குடும்பம் வெளியூர் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம். ஜீரோவைப் போட்டது சோலார் இல்லை, பூட்டு. இறங்கி வந்து புரோக்கரைக் கேட்டால், "நீங்க குடி வந்தா ஓடும் சார்" என்கிறார்.

அதனால் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். நெட் மீட்டர் இருக்கும் வீட்டில், இ.பி.யிலிருந்து எடுத்த யூனிட்டும் இ.பி.க்குக் கொடுத்த யூனிட்டும் தனித்தனியே கணக்கில் ஏறும். கொடுத்த கணக்கில் ஒன்றுமே இல்லாவிட்டால் பேனல் தூங்குகிறது என்று அர்த்தம். ஒரு பில் போதாது, ஒரு வருட பில் வேண்டும், அதாவது ஆறு. சர்வீஸ் நம்பரைக் கேட்டு வாங்கி நீங்களே பாருங்கள். நம்பரைத் தர யோசிக்கிறவரிடம் அட்வான்ஸைத் தர நீங்களும் யோசியுங்கள்.

இன்னொன்று. பில் உண்மையாகவே குறைந்திருந்தாலும் அது அவர்கள் வீட்டுப் பில். வயதான தம்பதி, இரண்டு ஃபேன், ஒரு டி.வி. என்றால் ஜீரோ வரலாம். உங்கள் வீட்டில் மூன்று ஏ.சி. ஓடினால் வராது. 3 கிலோவாட் இரண்டு மாதத்தில் தருவது 700 யூனிட் பக்கம். அதை உங்கள் இப்போதைய பில்லோடு வைத்துக் கழித்துப் பாருங்கள். புரோக்கர் சொல்லும் கணக்கு வேண்டாம்.

மணலியில் வாங்குகிறோம். வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது. சோலாருக்குக் கடன் இருந்தால் அதில் தெரிந்திருக்குமே?

தெரியாது. வீட்டை அடமானம் வைக்காமல் பேனலை மட்டும் ஈடாகக் காட்டி வாங்கிய கடன் வில்லங்கச் சான்றில் வராது. வாங்கிய ரசீதைக் கேளுங்கள், கடனில் வாங்கியதென்றால் வங்கியின் நிலுவையில்லாச் சான்றையும் கேளுங்கள். சில இடங்களில் பேனலே வீட்டுக்காரருடையதாக இருக்காது. கம்பெனி தன் செலவில் மாட்டிவிட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும். அந்த ஒப்பந்தத்தை முழுசாகப் படித்த பிறகுதான் பேச்சே.

பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீட்டை விற்கிறோம். பேனலைக் கழற்றிப் புது வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?

போகலாம், ஆனால் இப்போதே வாங்குபவரிடம் சொல்லி விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். அவர் மாடி ஏறிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசியிருப்பார். கிரயத்துக்கு முந்தின நாள் கழற்றினால் சண்டைதான். நெட் மீட்டர் உங்கள் பின்னால் வராது, அது அந்த சர்வீஸ் நம்பரோடு கட்டியது. புது வீட்டில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட தளம் அது. போல்ட் பிடுங்கிய ஓட்டைகளை நல்ல கொத்தனாரை வைத்து அடைத்துக் கொடுங்கள். முதல் மழைக்கே ஒழுகினால் உங்களைத்தான் திட்டுவார்கள்.

எண்ணூரில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. உப்புக்காற்றில் பேனல் கெடுமா?

கண்ணாடி தாங்கும், தாங்கு சட்டம்தான் துருப்பிடிக்கும். பெயின்ட் அடித்த இரும்பென்றால் விலையைக் குறையுங்கள். துத்தநாக முலாம் பூசியதாகவோ அலுமினியமாகவோ இருக்க வேண்டும், போல்ட் எவர்சில்வரில். 2016 டிசம்பர் வர்தாவுக்கு முன்னால் போட்டதென்றால் அதற்கப்புறம் யாராவது போல்ட்டை முடுக்கினார்களா என்று கேளுங்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூசியும் படிகிற பகுதி உங்களுடையது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலையிலேயே, வெயில் ஏறுவதற்கு முன் கழுவ வேண்டும். அதனால் மாடியில் குழாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்வெர்ட்டர் கீழே போர்ட்டிகோவில் இருந்தால், 2023 மிக்ஜாமில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அண்டை வீட்டில் விசாரியுங்கள். விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை.

மாதவரத்தில் மேல்மாடி ஃப்ளாட். பொது மொட்டை மாடியில் சோலார் போட்டிருக்கிறார். அதுவும் சேர்த்துத்தான் விலையாம்.

மாடி பொதுவானது என்கிறீர்கள். அப்படியென்றால் சங்கத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் எங்கே? அது இல்லாவிட்டால் நாளைக்கே எடுக்கச் சொல்வார்கள், எடுக்கும் கூலியும் உங்கள் தலையில்.

பழைய சோலாருக்கு என் பெயரில் மானியம் கிடைக்குமா?

கிடைக்காது. அது புதிதாகப் போடுகிறவருக்கு.

கிரயம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. சோலாருக்கு என்ன பார்க்க வேண்டும்? (தண்டையார்பேட்டை)

இதை மூன்று மாதம் முன்னால் கேட்டிருக்க வேண்டும். சரி, ஆனது ஆச்சு. இ.பி. இணைப்பைப் பெயர் மாற்றும்போது நெட் மீட்டர் ஒப்பந்தத்தையும் சேர்த்து மாற்றச் சொல்லிப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பலர் முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். உற்பத்தியைக் காட்டும் ஆப்பின் பாஸ்வேர்டு இன்னும் பழைய வீட்டுக்காரரின் போனில்தான் இருக்கும். அவர் நம்பரை மாற்றுவதற்குள் வாங்கிவிடுங்கள்.